சிறு பந்தய வரம்பிலாப் போக்கர்

சிறு பந்தய வரம்பிலாப் போக்கர் என்பது சூதாட்டக்கூடங்களில் குறைந்த கட்டாயப் பந்தயத்துடன், உண்மைப் பணத்துக்கு ஆடப்படும் ஒரு சீட்டாட்டம் ஆகும். இதில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகை. இந்தியாவில் சூதாட்டக்கூடங்களுக்குச் சட்டப்படி இடமளிக்கும் மாநிலங்கள் மிகச் சில. அவற்றில் கோவாவும் சிக்கிமும் முதன்மையானவை. தமிழ்நாட்டில் இதற்கு உரிமம் வழங்கும் சட்டம் இல்லை. ஆயினும் கைபேசி வழியாக இவ்வாட்டம் தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகள் வரை பரவியது. அது திறமையின் ஆட்டமா, வாய்ப்பின் ஆட்டமா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்திலும் பலமுறை எழுந்தது.

பெயர் விளக்கம்

"சிறு பந்தயம்" என்பது ஆட்டம் தொடங்கும் முன் இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகையை மட்டுமே குறிக்கும். இத்தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். 50/100 ரூபாய் மேசை என்றால் ஒருவர் 50 ரூபாயும் அவருக்கு அடுத்தவர் 100 ரூபாயும் வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இப்பொறுப்பு ஓரிடம் நகர்ந்து, மேசையைச் சுற்றி வரும்.

"வரம்பிலா" என்பது அதன்பின் வைக்கும் பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லை என்பதைக் குறிக்கும். தன் முன்னால் உள்ள சில்லுகள் அனைத்தையும் ஒரே பந்தயமாக ஒருவர் எந்த நேரத்திலும் வைக்கலாம். இதற்கு ஆல்-இன் என்று பெயர். 100 ரூபாய் மேசையில் பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு, அதாவது 10,000 ரூபாயுடன் அமர்வது வழக்கம். ஆகவே ஆட்டத்தின் பெயர் சொல்லும் தொகை ஒன்று. உண்மையில் பணயமாக இருக்கும் தொகை வேறு.

இவ்வாட்டத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் அதன் மேல் எழுதிய பணமதிப்பு உண்டு. விரும்பும்போது எழுந்து சென்று பணமாக மாற்றிக்கொள்ளலாம். போட்டித்தொடர்களில் அப்படி முடியாது. அங்கே நுழைவுக்கட்டணம் மட்டுமே இழப்பு. இங்கே சில்லு தீர்ந்தால் மீண்டும் பணம் கொடுத்து வாங்கி ஆடலாம் என்பதால் இழப்புக்குத் தானாக அமையும் எல்லை கிடையாது.

ஆட்ட முறை

ஒவ்வொருவருக்கும் பிறர் அறியாத இரண்டு சீட்டுகள் தரப்படும். பின்னர் மேசையின் நடுவில் முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், கடைசியாக ஒன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். கைச்சீட்டு இரண்டும் பொதுச் சீட்டு ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும். சீட்டு கிடைத்தவுடன் ஒன்று, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒன்று என நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவர் சீட்டை மடக்கி விலகலாம், எதிராளி வைத்த தொகைக்கு ஈடுகட்டலாம், அல்லது தொகையை ஏற்றலாம். மற்ற அனைவரும் விலகிவிட்டால் கடைசியாக எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே நடுவில் சேர்ந்த தொகையை எடுத்துக்கொள்வார். ரம்மியில் இல்லாத பொய்ப்பந்தயம் என்னும் கூறு இங்கிருந்தே பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 50/100 மேசையில் இருவரிடம் தலா 10,000 ரூபாய் உள்ளது. ஒருவருக்கு இரண்டு ராஜா, மற்றவருக்கு இரண்டு ஏஸ். முதலாமவர் 400 வைக்கிறார்; இரண்டாமவர் 1,200 ஆக்குகிறார்; முதலாமவர் 3,000 ஆக்குகிறார்; இரண்டாமவர் முழுத்தொகையையும் வைக்கிறார். ஜோடி ராஜா என்பது ஆட்டத்தின் இரண்டாவது சிறந்த தொடக்கம். அதை மடக்குவோர் அரிது. ஆனால் ஜோடி ஏஸுக்கு எதிராக அது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடே. ஒரு பிழையும் செய்யாமலே முதலாமவர் இரண்டு நிமிடங்களில் 10,000 ரூபாயை இழக்கக்கூடும்.

திறமையின் இடம்

போக்கரில் திறமை என்பது பெரிதும் கணக்குத்தான். நடுவில் 900 ரூபாய் இருக்க, எதிராளி 300 வைக்கிறார் என்று கொள்வோம். 1,200ஐ வெல்ல 300 கட்ட வேண்டும். கட்டியபின் மொத்தம் 1,500. அதில் 300 என்பது ஐந்தில் ஒரு பங்கு. எனவே வெல்லும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் ஈடுகட்டுவது இலாபம்.

நான்கு பொதுச் சீட்டுகள் திறந்துள்ளன. இஸ்பேட் இனத்தில் நான்கு சேர்ந்து, ஐந்தாவதற்காக அவர் காத்திருக்கிறார் என்றால், காணாத 46 சீட்டுகளில் 9 இஸ்பேட் எஞ்சியிருக்கும். வாய்ப்பு 19.6 விழுக்காடு, நூலிழையில் போதாது. எதிராளி 150 மட்டுமே வைத்திருந்தால் தேவை 12.5 விழுக்காடு, அப்போது கட்டலாம். 900 வைத்திருந்தால் தேவை 33 விழுக்காடு, மடக்குவதே சரி. இக்கணக்கோடு எதிராளியின் பழக்கத்தையும் படிப்பவர், படிக்காதவரை நாளடைவில் வெல்வார். இதில் ஐயமில்லை.

"நாளடைவில்" என்பது எவ்வளவு காலம் என்பதே சிக்கல். சீட்டு போடுபவர் உள்ள மேசையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 25 ஆட்டங்கள் நடக்கும். ஆறு மணி நேரத்துக்கு 150. கைச்சீட்டாக வரக்கூடிய சேர்க்கைகள் 1,326. அவற்றில் ஜோடி ஏஸ் 6. அதாவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை. விடுமுறைக்கு ஓரிரவு ஆடச் செல்பவர் அதைக் கண்ணால் காணாமலே திரும்பலாம். திறமை வாய்ப்பை வென்று தெரியப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். ஓரிரவின் வெற்றி திறமைக்குச் சான்று ஆகாது, தோல்வியும் அப்படியே.

கூடத்தின் பங்கு

போக்கரில் ஆடுபவர் கூடத்தை எதிர்த்து ஆடுவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரை எதிர்த்தே ஆடுகிறார். ஆனால் கூடம் சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேர்ந்த தொகையிலிருந்து ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். இதற்கு ரேக் என்று பெயர்.

ஒரு கணக்காக, ஒன்பது பேர் தலா 10,000 ரூபாயுடன் அமர்கின்றனர் என்று கொள்வோம். மேசையில் 90,000 ரூபாய். சராசரியாக ஓர் ஆட்டத்தில் 1,500 ரூபாய் சேர்கிறது, கூடம் 5 விழுக்காடு எடுக்கிறது என்றால் ஆட்டத்துக்கு 75 ரூபாய். மணிக்கு 25 ஆட்டங்களில் 1,875 ரூபாய். ஆறு மணி நேரத்தில் 11,250 ரூபாய். மேசைக்கு வந்த பணத்தில் எட்டில் ஒரு பங்கு எவரிடமும் தோற்காமலே வெளியேறிவிட்டது. ஒன்பது பேரும் சம திறமை உடையவர் என்றால் ஒவ்வொருவரும் சராசரியாக 1,250 ரூபாய் இழப்பர். சீட்டு போடுபவருக்குத் தரும் அன்பளிப்பு இதற்கு மேல்.

விடுதி அறையில் நான்கு நண்பர்கள் ஆடினால் ஒருவர் விட்டது இன்னொருவரிடம் இருக்கும். கூடத்தில் அப்படியன்று. சிறு மேசைகளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல்; ஏனெனில் அங்கே ஒருவர் வெல்லும் தொகைகள் சிறியவை, கழிவோ ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடர்வது. சக ஆட்டக்காரரை விடச் சற்றே திறமையானவராக இருப்பது போதாது. ரேக்கையும் தாண்டும் அளவுக்குத் திறமை வேண்டும்.

இந்தியச் சட்டத்தில்

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 1976ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தில் 1992இலும் 1996இலும் செய்த திருத்தங்களால் கோவாவில் ஐந்து நட்சத்திர விடுதிகளிலும், பின்னர் கப்பல்களிலும் இவ்வாட்டங்களுக்கு வழி பிறந்தது. பனாஜியை ஒட்டிய மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் இவ்வகையின. சிக்கிம் 2002இல் தனிச் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெரிதும் திறமையின் ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1967இல் ஆந்திரப் பிரதேச வழக்கொன்றில் கூறியது. அதே தீர்ப்பு, அந்த ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் இலாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் சுட்டியது. ரேக் என்னும் கழிவு சட்டத்தின் பார்வையில் சிறிய செய்தி அன்று என்பதை இது காட்டுகிறது.

போக்கரைப் பொறுத்தவரை ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சூதாட்டத்திலிருந்து விலக்குகிறது. குஜராத் உயர்நீதிமன்றம் 2017இல் அதைச் சூதாட்டம் என்றது.

இணையவழி ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய சட்டமுன்வரைவு நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அச்சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பின் ஆட்டங்களாக அட்டவணைப்படுத்தியது செல்லாது என்று 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் கூறியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை விதித்தன. 2025 ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் இந்த வாதத்தையே ஒதுக்கி வைத்தது. திறமையோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவது குற்றம் என்றது. கூடங்களில் நேரில் ஆடும் ஆட்டத்தை அது தொடவில்லை. ஆனால் சூதாட்டக்கூடங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2023 அக்டோபரில் சில்லு வாங்கும் முழுத்தொகை மீது 28 விழுக்காடு என்றாகி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்தது. வென்ற தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரி தனி. தோற்றதை அதில் கழிக்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியும் போக்கரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என நீளும் தொழிற்பகுதி கார், கைபேசி, இருசக்கர வாகன ஆலைகளால் அறியப்படுவது. தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி ஷிப்ட் முறையில் பணிபுரிகின்றனர். ஊரும் உறவும் தொலைவில். கையில் மாதச் சம்பளம். பணிநேரம் போக எஞ்சிய பொழுதுக்குத் துணை கைபேசி. இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவை ஒட்டி அறைக்குத் திரும்புபவருக்கு, ஊர் உறங்கும் நேரமே ஓய்வு நேரம். நள்ளிரவுக்குப் பின் ஆடத் தடை என்ற விதியின் பொருள் இத்தகைய இடத்தில்தான் நன்கு விளங்கும்.

இங்குள்ளவருக்கு 50/100 மேசையைச் "சிறியது" என்று சொல்வது பொருந்துமா என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மேசையில் வைக்கும் 10,000 ரூபாயைத் தம் ஒருநாள் சம்பளத்தால் வகுத்தால், எத்தனை ஷிப்ட் உழைப்பு ஒரே ஆட்டத்தில் பணயமாகிறது என்பது கிடைக்கும். இதற்குக் கோவா பயணச்செலவையும் கூட்ட வேண்டும்.

அடிமையாதல்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு சூதாட்ட அடிமைத்தனத்தை ஒரு நோயாக ஏற்கிறது. அதன் தெளிவான அடையாளம் தமிழ்நாட்டுச் சீட்டுக்களங்களில் என்றும் கேட்கும் சொல்லே: "விட்டதைப் பிடிக்கிறேன்." இழந்ததை மீட்கப் பந்தயத்தைக் கூட்டுவது, கடன் வாங்கி ஆடுவது, வீட்டில் மறைப்பது ஆகியவையும் அறிகுறிகள். வரம்பிலா ஆட்டம் இதற்கு ஏற்ற களம். முழு இழப்பையும் ஒரே பந்தயத்தில் மீட்கலாம் என்ற எண்ணத்துக்கு அதன் விதியே இடம் தருகிறது. நடுவண் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

போக்கர் திறமையின் ஆட்டம் என்பதும், அதில் அமரும் பெரும்பாலோர் இழப்பர் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது நீதிமன்றங்கள் ஆராய்ந்த கேள்வி. இரண்டாவதற்கு விடை மேசையிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் கழியும் தொகையில் இருக்கிறது.