வீட்டுக்கு ஒரு காப்புக் கணிப்பொறி

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், அது அழியுமுன்னே வேறொரு சுவடியில் படியெடுத்து வைத்தனர். படியெடுக்கப்பெற்ற நூல் வாழ்ந்தது, மற்றது மறைந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமம் என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்லும் நிகழ்ச்சி தமிழருக்கு வேறில்லை.

பெரிய நூலகத்தின் கதை இருக்கட்டும். நம் வீடுகளில் என்ன இருக்கிறது? நிலத்தின் பட்டா, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தாத்தாவின் ஒரே ஒரு புகைப்படம். இவற்றைக் கைபேசியில் படம்பிடித்துவிட்டு 'பத்திரமாக இருக்கிறது' என்று எண்ணிக்கொள்கிறோம். கைபேசியோ பேருந்து நிலையத்தில் தொலையக்கூடிய பொருள். இணையத்தில் இலவச இடம் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அளவோடுதான். கூகுள் நிறுவனம் புகைப்படங்களுக்கு அளித்துவந்த வரம்பில்லா இலவச இடத்தை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்திக்கொண்டது. பிறர் திண்ணையில் படுக்கலாம். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வர முடியாது.

ஆகவே வீட்டிலேயே இரவும் பகலும் ஓடும் ஒரு சிறு கணிப்பொறி வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. இதையே 'சர்வர்' என்கிறோம். கணினி அறிவியல் மாணவருக்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி அடுப்பு வைப்பதுபோல, ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளைத் தனித்தனியே இயக்கலாம். இவை மெய்நிகர் கணிப்பொறிகள். ஒன்றில் தரவுத்தளம் பழகலாம். ஒன்றில் வலைப்பின்னல் பழகலாம். கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கலாம்.

சரி, எந்தக் கணிப்பொறியை வாங்குவது? கடைக்காரர் செயலியின் வேகத்தைச் சொல்வார். நண்பர்கள் நினைவகத்தின் அளவைச் சொல்வார்கள். என் அம்மா கேட்டது ஒன்றேதான்: "இது எத்தனை யூனிட் இழுக்கும்?" என் கருத்தில் அதுவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

கணக்கு எளிது. மின்கணக்கு எடுப்பது இரண்டு மாதத்திற்கு ஒருமுறை. அறுபது நாள் என்பது 1,440 மணி. ஒரு வாட் இழுக்கும் பொருள் ஓயாமல் ஓடினால் அந்த அறுபது நாளில் 1.44 யூனிட் ஆகிறது. பத்து வாட் என்றால் 14.4, நூறு வாட் என்றால் 144. 2016ஆம் ஆண்டு மே மாதம் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்தது. அன்றுமுதல் எங்களைப் போன்ற வீடுகளில் 100 என்பது ஒரு எல்லைக்கோடு. எங்கள் வீட்டு மின்அட்டையில் பெரும்பாலும் 85ஐ ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, தொலைக்காட்சி, மிக்சி, அவ்வளவே. மிச்சம் பதினைந்து யூனிட். அதாவது, பத்து வாட். அந்தப் பத்து வாட்டுக்குள் அடங்கும் கணிப்பொறி எது என்பதே எங்களுக்கு உண்மையான கேள்வி.

ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்று அறிய விலைகொடுத்து மானி வாங்கவேண்டியதில்லை. வீட்டு மீட்டரே போதும். அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண்சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3,200. ஆகவே ஒரு சிமிட்டு என்பது 1,125 ஜூல். 1,125ஐ இரு சிமிட்டுகளுக்கு இடையிலான வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மிகச் சிறிய சுமையை மீட்டர் சரியாகப் பதிவு செய்யாமல் போகலாம். எனவே வீட்டில் மற்றெல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டு அளக்கவேண்டும். பிறகு கணிப்பொறியையும் சேர்த்து ஓடவிட்டு அளந்து, முன்னதைக் கழிக்கவேண்டும். பல்பு மட்டும் எரிந்தபோது பத்துச் சிமிட்டுக்கு 188 வினாடி ஆயிற்று. ஏறக்குறைய 60 வாட். பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றைச் சேர்த்தபோது 90 வினாடி. அப்படியானால் மொத்தம் 125 வாட். கணிப்பொறியின் பங்கு 65. இரண்டு மாதத்திற்கு 94 யூனிட்! அந்த ஒரு பெட்டி எங்கள் முழு வீட்டையும்விட அதிகம் தின்னும்.

அண்ணன் பிளஸ்-டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினியை அடுத்துச் சோதித்தேன். (2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பெற்ற திட்டம் அது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் ஒன்று இருக்கும்.) திரையை அணைத்து, மின்கலம் முழுதும் ஏறியபின் அளந்தால் பத்துச் சிமிட்டுக்கு 161 வினாடி. கழித்தால் பத்து வாட். வேறென்ன வேண்டும்?

புதிதாக வாங்கும் வசதியுள்ளோர் இரண்டு பொருள்களை எண்ணிப் பார்க்கலாம். 2012இல் இங்கிலாந்தில் பிறந்த 'ராஸ்பெரி பை' உள்ளங்கை அளவுதான்; வேலையில்லாதபோது மூன்று நான்கு வாட்டோடு நின்றுவிடும். காப்புப் பிரதி எடுக்க மட்டும் எனில் அதுவே சாலச் சிறந்தது. ஆனால் அதன் செயலி 'ஆர்ம்' இனத்தது. இன்டெல் வகைக்கென எழுதப்பட்ட இயங்குதளத்தை அதில் மெய்நிகராக ஓட்டினால் ஆமை வேகந்தான். மற்றொன்று, 2023 முதல் கிடைக்கும் இன்டெல் 'என்-100' செயலி பூட்டிய சிறு பெட்டி. நான்கு உள்ளகம் உண்டு. மெய்நிகர் வசதியும் உண்டு. விளம்பரத்தில் காணும் 6 வாட் என்பது செயலிக்கு மட்டும் உரிய அளவு என்பதை மறவாதீர்கள். நினைவகம், வட்டு, மின்மாற்றி இவற்றின் பங்கு தனி. பெருநிறுவனங்கள் கழித்துக்கட்டும் அடுக்குச் சர்வர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று ஆசைப்படுவோர், அவை சும்மா இருக்கும்போதே நூறு வாட்டைத் தாண்டும் என்பதை அறிதல் நலம். அவற்றின் இரைச்சல் வேறு.

மெய்நிகர் கணிப்பொறிக்கு வேகத்தைவிட நினைவகமே முக்கியம். திரைக்காட்சி இல்லாத டெபியன் லினக்ஸ் ஒன்றுக்கு 1 ஜி.பி. போதும். 8 ஜி.பி. இருந்தால் நான்கைந்து தாராளமாக ஓடும். அண்ணனின் மடிக்கணினியில் 2 ஜி.பி.தான் இருந்தது, பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கி எட்டாக்கினோம். செயலிக்கு மெய்நிகர் வசதி உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். லினக்ஸில் செயலி விவரப் பட்டியலைத் திறந்தால் இன்டெல் எனில் 'வி.எம்.எக்ஸ்', ஏ.எம்.டி. எனில் 'எஸ்.வி.எம்.' என்ற குறி இருக்கும். குறி இருந்தும் ஓடவில்லையென்றால் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம்.

மடிக்கணினியின் இன்னொரு நற்பேறு அதன் மின்கலம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வட்டில் உள்ள கோப்புகள் சிதையக்கூடும். 2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் நம் மாவட்டம் வரை வந்து கம்பங்களைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வேளையில் முறையாக அணைந்துகொள்ள மின்கலம் அவகாசம் தரும். ஆனால் ஓயாமல் மின்னேற்றத்திலேயே இருந்தால், அதிலும் திண்டுக்கல் கோடையில், அது வீங்கும். எண்பது விழுக்காட்டோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வீங்கிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். ஓட்டுவீட்டில் உத்தரத்தின் அருகே வைக்காமல், தரையோரமாகக் காற்றுப் படும் இடத்தில் வைப்பது நல்லது.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு குறை உண்டு. வீட்டில் உள்ள கணிப்பொறிக்கும் கைபேசிக்கும் தீயும் திருட்டும் பொதுவல்லவா? நம்மூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருடனை அது தடுக்கும், நெருப்பைத் தடுக்காது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணம்பறிக்கும் நச்சுநிரல் பூட்டிவிட்டது; நோயாளிகளின் விவரங்களைப் பல நாள் கையால் எழுதவேண்டியதாயிற்று. எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் வட்டையும் அத்தகைய நிரல் விட்டுவைக்காது. எனவே வல்லுநர் சொல்வது மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் மூன்றாம் பிரதி ஒரு சிறு வட்டில், மறைச்சொல் இட்டுப் பூட்டப்பெற்று, வேடசந்தூரில் பெரியம்மா வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அண்ணன் ஸ்பின்னிங் மில் வேலைக்குப் போகிற வழியில் புதிய வட்டைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவான்.

காப்புப் பிரதிகளை மெய்நிகர்க் கணிப்பொறிகளுக்குள் வைக்கவேண்டாம் என்பது என் துணிபு. அவை நாம் கெடுத்துப் பழகுவதற்காக உள்ளவை. பிரதிகள் அடித்தள லினக்ஸின் பொறுப்பில், தனி வட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை அதிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி உண்டா இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. சென்ற மாதம் நாங்கள் மீட்டெடுத்தது தாத்தாவின் புகைப்படம். மீட்டர் கணக்கில் அந்த முறை வந்தது 99 யூனிட்.