உங்களுக்குத் தெரியுமா? பேய்க்குப் பக்கத்து ஊர் பாஷைதான் பிடிக்கும்!

1993-ல் வந்த 'மணிச்சித்ரதாழ்' மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அதனால் ஷோபனாவுக்குள் அவள் புகுந்ததும் வாயில் வருவது தமிழ். அதுவரை மலையாளம் பேசிக்கொண்டிருந்த மருமகள் திடீரென்று வேற்று மொழியில் சீறுவதுதான் அந்தக் காட்சியின் பாதி பயம். சரி, இதையே தமிழில் எடுத்தால் பேய் என்ன பேசும்? தமிழே பேசினால் பக்கத்து வீட்டு அக்கா கோபப்படுவது போல ஆகிவிடும். 'சந்திரமுகி'யில் (2005) அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார் பி.வாசு. அதற்கு முந்தைய வருடமே அவர் கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் பேய்க்குத் தெலுங்குதான். இந்தியில் 'பூல் புலையா' (2007) எடுத்த பிரியதர்ஷன், வித்யா பாலனை வங்காளத்தில் அலறவிட்டார்.

கதையைத் தூக்கிக்கொண்டு வருவது எளிது. இந்தக் கதையில் பயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் தூக்கிவருவதுதான் வேலை. என் கணக்கில் ரீமேக் என்ற தொழிலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. மலையாள மூலத்தில் பேய் நடமாடும் மாளிகைக் காட்சிகளில் பல பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பது கேரள அரசு. பேயும் தமிழ், அரண்மனை நிற்கும் மண்ணும் தமிழ். படம் மட்டும் மலையாளம்.

*

அதே பேயை வாசு லேசில் விடவில்லை. கன்னடத்தில் 'ஆப்தரக்ஷகா' (2010), தெலுங்கில் 'நாகவல்லி' (2010), கடைசியாகத் தமிழில் 'சந்திரமுகி 2' (2023). முதல் படத்தில் பயந்தோம். பின்னால் வந்ததில் நகைகளின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி ரிலீஸ் செய்தபோது அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. ஆனால் பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்குள் மொத்தத் தியேட்டரோடு சேர்ந்து அவனும் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டான். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் கபடிக் காட்சிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று 'அடிடா' என்று கத்தினார். அவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது, "இது தெலுங்குப் படம்டா" என்று மெதுவாகச் சொன்னேன். "போங்க மாமா" என்றான்.

தெலுங்கில் குணசேகர் எடுத்த 'ஒக்கடு' (2003) தான் மூலம். மகேஷ் பாபுவும் பூமிகாவும். அங்கே கர்னூல் கொண்டாரெட்டி புருஜு பக்கம் நடந்த மோதலைக் 'கில்லி' இயக்குநர் தரணி மதுரைக்குக் கொண்டுவந்தார். அங்கே ஐதராபாத் சார்மினாரையும் சுற்றுத் தெருக்களையும் பிரமாண்ட செட்டாகப் போட்டிருந்தார்கள். இங்கே அந்த இடத்தைச் சென்னைக் கலங்கரை விளக்கம் பிடித்துக்கொண்டது. இரண்டு படத்திலும் மாறாதவை இரண்டே: கபடி, வில்லன். ஆமாம், தெலுங்கிலும் பிரகாஷ்ராஜ்தான்! ஆனால் ஓபுல் ரெட்டியை இன்று தமிழில் யாருக்கும் தெரியாது. முத்துப்பாண்டியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

*

'எங்க வீட்டுப் பிள்ளை'யும் (1965) ரீமேக்தான். என்.டி.ஆர். நடித்த 'ராமுடு பீமுடு' (1964) முதலில். திலீப் குமாரின் 'ராம் அவுர் ஷியாம்' (1967) பிறகு. மூன்றையும் இயக்கியவர் ஒரே ஆள், தாபி சாணக்யா. அந்தக் காலத்தில் இதற்கு யாரும் மூக்கைச் சுளித்ததாகத் தெரியவில்லை.

*

'பிங்க்' (2016) படத்தில் அமிதாப் ஒரு வயதான, மனநோய்க்கு மருந்து சாப்பிடும் வக்கீல். பூங்காவில் முகமூடி போட்டுக்கொண்டு நடப்பார். கோர்ட்டில் எழுந்து நின்றாலே தள்ளாடுவாரோ என்று நமக்குப் பதைக்கும். அந்தத் தள்ளாட்டம்தான் படத்தின் பலம்: இவரை நம்பித்தான் மூன்று பெண்கள் நிற்கிறார்கள்!

தமிழில் 'நேர்கொண்ட பார்வை' (2019). வக்கீல் அஜித். இருட்டில் பத்துப் பேரைப் புரட்டி எடுக்கும் சண்டையும், வித்யா பாலனோடு ஒரு ஃபிளாஷ்பேக்கும் சேர்ந்தன. தெலுங்கில் 'வக்கீல் சாப்' (2021). பவன் கல்யாண் என்பதால் சண்டையும் காதலும் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தன. கோர்ட் காட்சிகள் மூன்றிலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பத்துப் பேரை அடிக்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண்களுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பதைக்கவில்லை. அஜித் இல்லாவிட்டால் அந்தப் படத்தை இத்தனை ஆண்கள் போய்ப் பார்த்திருப்பார்களா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

பூமணியின் 'வெக்கை' நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவன் சிதம்பரத்தின் பின்னாலேயேதான் நாமும் ஓடுகிறோம். அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து, சமைத்து, பேசி, பதுங்கித் திரியும் சில நாட்கள்தான் கதை. வெற்றிமாறன் 'அசுரன்' (2019) எடுத்தபோது கதையின் பாரத்தை அப்பன் தோளுக்கு மாற்றினார். தனுஷுக்கு இளமைக்காலக் கதை ஒன்று, பஞ்சமி நிலம், செருப்பு என்று நாவலுக்கு வெளியிலிருந்து நிறையச் சேர்த்தார். எனக்கு இப்போதும் நாவல்தான் ஒரு படி மேலே. ஆனால் படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே கரிசல் மண், உழுதவர்கள் இரண்டு பேர்.

'அசுரன்' தெலுங்கில் 'நாரப்பா' (2021) ஆனது. வெங்கடேஷ் உழைத்திருந்தார். ஊரை ராயலசீமைக்கு மாற்றினார்கள், ஷாட்டை மாற்றவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி மாட்டினால் ஊர் மாறிவிடாது.

*

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த தொடர்கதை. எம்.ஜி.ஆர். 1950-களின் கடைசியிலேயே உரிமை வாங்கிப் படமாக்கப் பார்த்தார், நடக்கவில்லை. மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் 2022-லும் 2023-லும் வந்தன. எல்லோரும் குந்தவையையும் நந்தினியையும் பற்றிப் பேசினார்கள். நான் மணிமேகலையைத் தேடிக்கொண்டிருந்தேன். கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவன் மீது ஒருதலையாக உயிரை வைத்து, கடைசியில் சித்தம் கலங்கிப் போகும் பெண். படத்தில் அவளே இல்லை! ஐந்து பாக நாவலை இரண்டு படமாகச் சுருக்கினால் யாரையாவது கழற்றித்தான் விடவேண்டும், புரிகிறது. ஆனால் நாவலைப் படித்து முடிக்கும்போது கண் கலங்குவது அவளுக்காகத்தான். வீட்டில் அம்மா படம் முடிந்ததும் கேட்ட முதல் கேள்வியும், "அந்தக் கடம்பூர்ப் பொண்ணு எங்கடா?"

*

'இந்தியன்' 1996. 'இந்தியன் 2' 2024. முதல் படத்திலேயே எழுபதைக் கடந்துவிட்ட சுதந்திரப் போராட்ட வீரர் 28 வருடம் கழித்தும் ஓடி, தாவி, வர்மக்கலை காட்டினார். படம் வெளிவந்த பிறகு சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். தாத்தா அசையவில்லை. நாம்தான் நாற்காலியில் நெளிந்தோம்.

*

'பாபநாசம்' (2015) படத்தில் பொல்லாத கான்ஸ்டபிளாக வந்தவர் கலாபவன் மணி. மலையாள 'த்ரிஷ்யம்' (2013) படத்தில் அதே வேடம் கலாபவன் ஷாஜோனுக்கு. இருவரின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருப்பது கொச்சியின் கலாபவன் மிமிக்ரிக் குழு. உயர் போலீஸ் அதிகாரியான அம்மா வேடத்தில் மலையாளம், கன்னடம், தமிழ் மூன்றிலும் ஆஷா சரத்.

தமிழில் இயக்கியதும் ஜீத்து ஜோசப்தான். ஆனால் ஜெயமோகன் வசனத்தில், கமல் நெல்லைத் தமிழில் பேச ஆரம்பித்ததும் அது தாமிரபரணிக் கரைக் கதை ஆகிவிட்டது. ஊர்ப் பெயரே 'பாவம் நாசம்' என்று தலைப்புக்கு வந்து உட்கார்ந்தது யார் செய்த புண்ணியமோ! கடைசியில் இறந்த பையனின் பெற்றோரிடம் பேசும் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்த்துவிடுங்கள். மோகன்லால் தொண்டையில் அடைத்ததை அங்கேயே நிறுத்திவைப்பார். கமல் உடைந்து அழுதுவிடுவார். எனக்கு மோகன்லால். அம்மாவுக்குக் கமல். எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தக் கதை இலங்கைக்கும் போனது. ஜாக்சன் அந்தோணி நடித்த சிங்களப் படம், 'தர்மயுத்தய' (2017). சீனாவுக்கும் போனது (2019). கதை நடப்பது தாய்லாந்தில். கேரளத்தில் அந்தப் பையனின் சாவை மறைக்க, குடும்பமாகத் தியானத்துக்குப் போனதாகச் சாட்சி தயாரித்தார்கள் அல்லவா? சீனப் படத்தில் அவர்கள் போவது தாய்லாந்துக் குத்துச்சண்டை பார்க்க. மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி கடைசியில் தப்பிவிடுவார். குற்றம் செய்தவன் தப்பிப்பதாக முடிப்பது சீனத் திரையில் எளிதல்ல. அங்கே அப்பா போய்ச் சரணடைந்துவிடுகிறார்.

படம் நன்றாக ஓடியது, இரண்டாம் பாகமும் வேண்டும். நாயகனோ ஜெயிலில்! 2021-ல் மோகன்லால் 'த்ரிஷ்யம் 2' மூலம் மறுபடி போலீஸுக்குத் தண்ணி காட்டிய அதே வருடம், சீனர்கள் தலைப்பையும் நடிகரையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். கதையை 'ஜான் க்யூ' என்ற அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு ரீமேக்கின் இரண்டாம் பாகம், இன்னொரு படத்தின் ரீமேக்!