வெள்ளத்தில் மூச்சடக்கும் நெல்

நட்டு 20 நாள் ஆன சம்பா பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மூழ்கிய பயிர், காற்றுக்காக மேலே வர அவசரமாக நீளும். அதிலேயே கையிருப்பு மாவுச்சத்து தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பின்றிச் சாய்ந்து அழுகும்.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்வு செய்யப்பட்ட எப்.ஆர்.13ஏ ரகம் அப்படி நீளாது. வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். இந்தக் குணத்தை உயர் விளைச்சல் ரகங்களில் சேர்க்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். குணம் வந்தது, கூடவே குறைந்த மகசூலும் சுமாரான அரிசியும் வந்தன. வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

1996-ல் அந்தக் குணம் 9-வது குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. ஊர் தெரிந்தது, கதவு எண் தெரியவில்லை. 2005-ல் நெல்லின் 12 குரோமோசோம்களுக்கும் முழு மரபணு வரைபடம் வெளியானது. ஜப்பான் முன்னின்ற இந்தப் பன்னாட்டுப் பணியில் 11-வது குரோமோசோமில் இந்தியாவுக்கும் பங்குண்டு. வேடிக்கை என்னவென்றால், வரைபடத்துக்கு எடுத்துக்கொண்ட நிப்பான்பாரே ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணுவே இல்லை. ஆனால் அதன் அக்கம்பக்கம் தெரிந்ததால், எப்.ஆர்.13ஏ வழிவந்த நெல்லில் அதே இடத்தைத் துழாவி, 2006-ல் 'சப்1ஏ' மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

அதன்பின் வேலை எளிதானது. ஒட்டுச் சேர்த்த நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்தாலே மரபணு வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2009-ல் ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. நம் ஊருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சி.ஆர்.1009 சப்1 ரகத்தைத் தந்தது. இது மரபணு மாற்றப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைச் சேர்த்த ஒட்டு ரகமே.

இதற்கும் எல்லை உண்டு. நேரடி விதைப்பில் முளைக்கும் விதையை இது காப்பாற்றாது. பூக்கும் தருணத்தில் மூழ்கினாலும் பயன் குறைவு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் தாங்கும் நாளும் குறையும். ஆகவே வடிகாலைத் தூர்வாராமல் ரகத்தை மட்டும் நம்புவது சரியல்ல. விதை வாங்கும்போது பையில் 'சப்1' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சி.ஆர்.1009-க்கு இந்தக் குணம் கிடையாது. தண்ணீர் வடிந்த அன்றே யூரியா தூவ வேண்டாம். சில நாள் பொறுத்து, புதுக் குருத்து விட்ட பிறகு மேலுரம் இடலாம்.