புளித்த தேநீரும் நம் கூழ்ப்பானையும்

நந்திதுர்க் என்றவுடன் வெளியூரார் பலர் சிக்கபல்லாபூரை அடுத்துள்ள நந்தி மலையை எண்ணிக்கொள்வர். நாம் ஈண்டுக் குறிப்பது, கோலார் தங்கவயலில் அம்மலையின் பெயரைப் பூண்ட சுரங்கத்தையும் அதனைச் சூழ்ந்தெழுந்த குடியிருப்பையுமே ஆகும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் தொழில் தொடங்கியபின் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்றும் வந்த நம்மவர் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அதன்பின், மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் இல்லம் திரும்புவோர் தொகை பெரிது. அப்பெருநகரக் கடைகளில் 'கொம்புச்சா' என்ற பெயரோடு கண்ணாடிப் புட்டிகளில் விற்கப்பெறும் புளிப்புப் பானம் இவர்கள் கண்ணிற் படாதிருக்க வழியில்லை. அதனை வீட்டிலேயே செய்யலாமா, செய்தால் தீங்கு நேருமா என்பதே நாம் ஆராயவிருப்பது.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்கு முற்றும் புதிதன்று. சர்க்கரையிட்ட தேநீரைப் புளிக்கவைத்தால் கொம்புச்சா. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிட்டு, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சினால் கூழ். கன்னட நாட்டார் அம்பலி என்பதும் இதன் உறவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கூழுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் மாவிலும் பானையிலுமே உள்ளன. கொதித்த தேநீரிலோ அவை இல்லை. எனவே வெளியிலிருந்து சேர்த்தல் வேண்டும். பாலுக்கு உறைமோர் எவ்வாறோ அவ்வாறே இதற்கு ஒரு 'தாய்' தேவை. அது தடித்த பாலாடை போல வழவழப்பாயிருக்கும் ஒரு படலம். அதில் வாழும் நொதியங்கள் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. உடனுறையும் பாக்டீரியாக்கள் அச்சாராயத்தைக் காடியமிலமாக மாற்றுகின்றன. படலத்தை நெய்வதும் அந்தப் பாக்டீரியாக்களே. பார்வைக்கு அழகியதென்று எவரும் சொல்லார்!

செய்முறை எளிது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டித் தேயிலையிட்டு ஊறவிட்டு வடிகட்டுக. பால் கூடாது. எண்பது கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து நன்றாக ஆறவிடுக. சூடு மிகுந்தால் தாய் இறந்துபடும். பின்னர்த் தாயையும், முன்பே புளித்த தேநீரில் 100 மில்லி லிட்டரையும் சேர்க்க வேண்டும். இப்பழைய தேநீரைச் சிலர் வீணென்று விட்டுவிடுவர். முதல் நாளிலேயே புளிப்பை உண்டாக்கித் தீய கிருமிகளைத் தடுப்பது அதுவே. ஏழு முதல் பத்து நாட்களிற் பானம் பதமாகும். தங்கவயல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலிருத்தலின், மார்கழிக் குளிரில் புளிப்பு மெல்லவே ஏறும். அக்காலத்தில் அடுப்பங்கரையின் வெதுவெதுப்பான மூலையே ஏற்ற இடம்.

பாத்திரத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை இப்புளிப்பு அரித்துவிடும். மெருகிட்ட பீங்கான் சாடியும் ஐயத்திற்குரியதே. மெருகிலுள்ள ஈயம் பானத்திற் கலந்து, ஆறு திங்கள் அதனை அருந்திய கணவனும் மனைவியும் நஞ்சுற்ற செய்தி 1998-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அகன்ற வாயுடைய கண்ணாடிச் சாடியே தக்கது. அதன் வாயை நெருக்கமாக நெய்த துணியால் இறுகக் கட்டுக. ஈக்களை விலக்குவதற்காக மட்டுமன்று. காற்றுக் காலத்தில் சயனைடு மேடுகளினின்றும் எழும் புழுதி வரிசை வீடுகளுக்குள் எவ்வாறு புகுமென்பதைத் தங்கவயலாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சன்னலருகே சாடியை வைத்தல் ஆகாது.

புளிப்பை நாவால் மட்டும் அளந்து விடுதல் போதாது. ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் பி.எச். அளவு காட்டும் தாள் கிடைக்கும். ஏழு நாட்களுக்குள் அளவு 4.2-க்குக் கீழ் இறங்காவிடில் அதனைக் கொட்டிவிடுக. 2.5-க்கும் கீழே போனதும் குடிக்கத் தகாது. படலத்தின்மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ உலர்ந்த பூஞ்சை தோன்றினால், பூஞ்சையை வழித்தெடுத்து எஞ்சியதைக் காப்பாற்ற முயலுதல் பெரும் தவறு. தாயும் பானமும் ஒருங்கே ஒழிய வேண்டும்.

எவ்வளவு அருந்தலாம்? 1995-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இதனை அருந்திவந்த இரு பெண்கள் கடும் நோயுற்று, ஒருவர் மாண்டார். பானமே காரணமென்று மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் நலமுள்ளோர் நாளொன்றுக்கு 120 மில்லி லிட்டர் அளவு அருந்துதலால் கேடில்லை என்பதே அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அப்போது கூறிய கருத்து. கருவுற்ற மகளிர், குழந்தைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுற்றோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் இதனைத் தொடாதிருத்தலே நன்று. நீரிழிவுடையோர் எஞ்சியிருக்கும் சர்க்கரையை மறத்தல் கூடாது. சுரங்கத் தூசியால் நுரையீரல் நலிந்த முதியோர்க்கு இது மருந்தென்று எவரேனும் கூறினால் நம்பற்க, அதற்குச் சான்றில்லை. குடியை விட்டொழித்தோரும் அறிய வேண்டுவதொன்று உண்டு. இதிற் சிறிது சாராயம் உளது. நாள் செல்லச் செல்ல அது மிகவும் கூடும். 2010-இல் அமெரிக்கக் கடைகள் சில, சாராய அளவு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டியதென்று இப்புட்டிகளை விற்பனையினின்றும் விலக்கிவைத்தன.

பதமானதை வடிகட்டி, தடித்த கண்ணாடிப் புட்டியில் மேலே இரண்டு விரற்கடை இடம்விட்டு நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும். வெளியில் இறுக மூடி வைத்தால் வாயு திரண்டு புட்டி வெடித்துச் சிதறும். கண்ணிழக்கும் அளவுக்குக் கேடு நேரலாம். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால் மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவைப் போக்குக. குளிர்பதனப் பெட்டி இல்லாதார் மூடியிட்டு வைக்காமல், துணி கட்டிய சாடியிலிருந்தே வேண்டுமளவு முகந்து இரண்டொரு நாளில் முடித்துவிடுதல் நலம். அன்றி, வெங்காயமும் உப்பும் மோரும் சேர்த்த கூழ் அவர்களுக்கு இருக்கவே இருக்கிறது. புட்டிதோறும் நிரப்பிய நாளை எழுதி ஒட்டிவைக்கவும்.