சீனக்குடாவும் ஐரோப்பிய மோட்டார் வண்டியும்

பெற்றோலிலும் டீசலிலும் ஓடும் மோட்டார் வண்டிக்கு முடிவு கட்டுவதா, இன்னுஞ் சில காலம் இடமளிப்பதா என்பது குறித்து ஐரோப்பாவிலே பெரும் வாதம் நிகழ்கின்றது. 2035ஆம் ஆண்டு தொடக்கம் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் கரியமிலவாயுவை வெளிவிடலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமியற்றியது. கார் உற்பத்தியாளர் பலர் தொழிலும் வேலையும் நலியுமென முறையிட்டனர். நூற்றுக்கு நூறு என்ற அந்த அளவைத் தொண்ணூறாகத் தளர்த்தலாமென 2025 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு முன்மொழிந்தது.

இவ்வாதத்துக்கும் திருகோணமலைக்கும் யாது தொடர்பு என வினவுவோர் சீனக்குடாவைப் பார்த்தல் வேண்டும். அங்கே வரிசை வரிசையாக நிற்கும் 99 எண்ணெய்க் குதங்களும் முன்னொரு காலத்து எரிபொருள் மாற்றத்தின் சின்னங்களேயாம். முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னர், பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெயை நாடியது. வேல்ஸ் நாட்டுக் கரியின் இடத்தைப் பாரசீகத்து எண்ணெய் பிடித்தது. கப்பல் செல்லும் கடல்தோறும் அதனைச் சேமித்து வைக்கும் தேவையும் எழுந்தது. முடிவு இலண்டனில் எடுக்கப்பட்டது. இடங்கொடுத்தது நம் மண். அதற்குரிய விலையும் வந்தது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன; குதமொன்று தீப்பற்றி எரிந்தது.

1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை விட்டகன்றனர். குதங்களிற் பல நெடுங்காலம் பற்றைகளுக்கிடையே பயனற்றுக் கிடந்தன. அவற்றுள் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும் கூட்டாகச் சீரமைப்பதென 2022 ஜனவரியில் உடன்பாடாயிற்று. எண்ணெயைக் கைவிடும் நாளை ஐரோப்பா எண்ணிக்கொண்டிருக்க, நாம் எண்ணெய்க் குதங்களைத் துலக்க முனைந்தோம்!

இதனை அறியாமையென்று நகைத்துவிடலாகாது. அதே 2022இல் எரிபொருளுக்காக நாட்டு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெயின்றி மீனவர் படகுகள் கரையிலே கிடந்தன. எண்ணெய் வேண்டாவென முழங்குதல், மாற்று வழி கைவசமுள்ளோர்க்கே எளிது.

அம்மாற்று வழிக்கும் நிலம் வேண்டும். மின்சாரக் கார் ஓட மின்சாரம் வேண்டுமன்றோ? கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூர் இதற்குச் சான்று. 2006இல் போரினால் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். முகாம்களிலே அவர்கள் ஆண்டுகளைக் கழிக்கையில், அவ்வூர் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரிலில் அங்கே 120 மெகாவாற் சூரிய மின்நிலைய வேலை தொடக்கிவைக்கப்பட்டது. கரியினும் கதிர் நன்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் கரியோ கதிரோ, கேட்கப்படுவது அதே ஊரின் நிலமே.

ஐரோப்பாவிலே தொழிலாளியும் முதலாளியும் தத்தம் இழப்பைச் சபையேறி எடுத்துரைக்கின்றனர். சட்டமும் அதற்குச் செவிசாய்க்கின்றது. எண்ணெய்க் குதங்கள் எழுந்த காலத்தில் திருகோணமலையின் கருத்தை எவரும் கேட்டிலர். கதிரவன் காலத்திலாவது, நிலமுடைய உழவனையும் கடலோடும் மீனவனையும் முதலிற் கேட்டு, பின்னரே முடிவெடுத்தல் முறையாகும்.