மூடும் பொத்தான் எங்கே இருக்க வேண்டும்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த வரலாற்றை நாங்கள் நால்வர் சேர்ந்து கணிப்பொறியில் தட்டச்சு செய்தோம். பிற்பகல் முழுவதும் உழைத்து நான்கு பக்கங்களை முடித்திருந்தோம். படம் ஒன்றைத் தேடுவதற்காகக் கட்டுரையைச் சற்றே ஒதுக்கி வைக்க எண்ணிய தோழி, பக்கத்திலிருந்த மூடும் பொத்தானை அழுத்திவிட்டாள். உடனே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி தோன்றியது. அவள் பதறிப்போய், 'வேண்டாம்' என்று பொருள்படும் விடையை அழுத்தினாள். 'மூட வேண்டாம்' என்று சொல்வதாக அவள் நினைத்தாள். 'சேமிக்க வேண்டாம்' என்று கணிப்பொறி எடுத்துக்கொண்டது. கட்டுரை மறைந்தே போயிற்று.

அழுதுகொண்டிருந்தவளை ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "பிழை அவளிடம் மட்டும்தானா? ஆராய்ந்து பாருங்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கணிப்பொறித் திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு சட்டத்துக்குள் தெரிகிறது. அதற்குச் சாளரம் என்று பெயர். அதன் மேல் விளிம்பில் பொதுவாக மூன்று பொத்தான்கள் இருக்கும். ஒன்று சாளரத்தை ஒதுக்கி வைக்கும், ஒன்று திரை முழுவதும் விரிக்கும், மற்றொன்று மூடிவிடும். இவை எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதை, நாம் தொடுவதற்கு முன்பே அதைச் செய்தவர்கள் அமைத்துவிடுகிறார்கள். இதையே முன்னமைப்பு என்கிறோம். விவரம் அறிந்தவர் இதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோர் வந்தது வந்தபடியே வைத்துக்கொள்கிறோம். ஆகவே மாற்றத் தெரியாதவரை மனத்தில் கொண்டே முன்னமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது, பழக்கத்தை மதிக்க வேண்டும். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" அல்லவா? அம்மாவின் அடுக்களையில் உப்பு டப்பா இருக்கும் இடத்தில் யாரேனும் சர்க்கரையை வைத்துவிட்டால் குழம்பு என்னவாகும்? 1995-க்கு முந்தைய விண்டோஸில் வலக்கோடியில் இருந்தது விரிக்கும் பொத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 அதே மூலையில் மூடும் பொத்தானை வைத்தது. பழைய பழக்கத்தில் விரிக்கப் போன கை, மூடிவிடக்கூடும்.

உபுண்டு என்னும் இயங்குதளத்தின் கதையும் இதுவே. 2010 ஏப்ரலில் அதன் பொத்தான்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குச் சென்றன. பயன்படுத்துவோர் பலர் மனம் வருந்தினர். 2017 அக்டோபரில் அவை மீண்டும் வலப்பக்கமே வந்து சேர்ந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷிலோ 1984 முதலே மூடும் பொத்தான் இடப்பக்கம்தான். ஆகவே இடமா வலமா என்பதைவிட, பழகிய இடத்தில் இருக்கிறதா என்பதே பெரிது.

இரண்டாவது, ஆபத்தானதையும் அடிக்கடி தேவைப்படுவதையும் ஒட்டி வைக்கலாகாது. பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1954-இல், இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் கை அதைச் சென்று தொட அதிக நேரம் ஆகும் என்று அளந்து காட்டினார். சின்னஞ்சிறு பொத்தான்களை நெருக்கி வைத்தால், அவசரத்தில் விரல் தவறுவது இயற்கையே.

மூன்றாவது, தவறி அழுத்தினாலும் கேடு வரக்கூடாது. இதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு பாடம் உண்டு. பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும்படி அமைத்திருந்தார்கள். யாரும் நினைவில் வைத்துப் போட வேண்டியிருக்கவில்லை. அதுபோல, மூடும்போது எழும் கேள்விக்குச் 'சேமி' என்பதே முன்கூட்டித் தேர்ந்த விடையாக இருக்க வேண்டும். அதைவிட நல்லது, எழுத எழுதத் தானாகவே சேமித்துக்கொள்வது.

நான்காவது, கேள்வி நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸில் தமிழிலேயே சொற்கள் தோன்றச் செய்யலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்த இயங்குதளமும் இடம்பெற்றது. அதன் வழியாகவே கணிப்பொறியை முதன்முதலாகக் கண்ட வீடுகள் எத்தனையோ! அத்தகைய வீட்டில், 'சேமிக்காமல் மூடு' என்று தமிழில் எழுதியிருந்தால் யாரும் பதற மாட்டார்கள்.

எங்கள் கட்டுரையை மறுநாள் மீண்டும் எழுதி முடித்தோம். பின்னர் ஆசிரியையின் அனுமதியுடன் ஆய்வகத்துக் கணிப்பொறிகள் அனைத்திலும் பொத்தான்களை ஒரே வரிசையில் அமைத்தோம். தானாகச் சேமிக்கும் வசதியையும் இயக்கி வைத்தோம். ஆறாம் வகுப்புத் தங்கையருக்கு முதல் நாளே அந்த மூன்று பொத்தான்களையும் காட்டுகிறோம்.

பெற்றோரே, வீட்டுக்குக் கணிப்பொறி வந்ததும் ஒருமுறை பாட்டியை அதன் முன் அமர்த்திப் பாருங்கள். அவர் அஞ்சாமல் மூடித் திறக்க முடியுமானால், அந்த முன்னமைப்பு நல்லது. தோழியரே, நாளை நம்மில் சிலர் இத்தகைய பொறிகளை வடிவமைக்கக்கூடும். அன்று, அழுத நம் தோழியை மறவாதிருப்போம்!