6 நிமிடம் 49 செக்கன்: பிள்ளையோடு சேர்ந்து ஒரு எண்ணை வாசிப்பது எப்படி?

எங்கட அப்பா அம்மாவுக்குக் கார் என்றால் வேலைக்குப் போக, கோயிலுக்குப் போக, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக. எங்கட பிள்ளைகளுக்கு அது ஒரு எண். "அப்பா, கொர்வெட் போர்ஷேயை அடிச்சிட்டுது தெரியுமோ?" என்று 16 வயது மகன் கேட்டால், நூர்பர்க்ரிங்கைப் பற்றித்தான் பேசுகிறான் என்று இப்போது எனக்கு உடனே விளங்கும்.

ஜேர்மனியில் ஐஃபல் மலைக்காட்டுக்குள் 1927இல் திறக்கப்பட்ட ஓட்டத்தடம் அது. அதன் வடக்குச் சுற்றான நோர்ட்ஷ்லைஃபெயின் நீளம் 20.832 கிலோமீற்றர். எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள், 300 மீற்றர் அளவுக்கு ஏற்ற இறக்கம். ஜாக்கி ஸ்டுவர்ட் அதற்கு வைத்த பெயர் 'பச்சை நரகம்'. உலகத்தில் எந்த நிறுவனம் வேகக் கார் செய்தாலும், இங்கே ஒரு சுற்று ஓடி நேரத்தை வெளியிடாமல் விடுவது குறைவு.

மகன் சொன்னது பிழையில்லை. 2022இல் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் ஓடிய நேரம் 6:49.328. 2025இல் கொர்வெட் இசட்ஆர்1எக்ஸ் ஓடியது 6:49.275. வித்தியாசம் 0.053 செக்கன். இந்த ஓட்டங்களின் சராசரி வேகம் மணிக்கு 183 கிலோமீற்றர். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால், இருபது கிலோமீற்றர் ஓடிய பிறகு இரண்டு காருக்கும் நடுவில் இருப்பது 2.7 மீற்றர். ஒரு காரின் நீளம்கூட இல்லை!

ஆனால் கொர்வெட்டின் சக்தி 1,250 குதிரைத்திறன், போர்ஷேயினது 525. பாதியும் இல்லாத சக்தியோடு போர்ஷே எப்படிப் பக்கத்திலேயே வந்தது? இதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம். கிடைத்த விடைகளை நான்கு கேள்விகளாகத் தருகிறேன். உங்கட வீட்டிலும் உதவும்.

முதல் கேள்வி: எவ்வளவு தூரம் ஓடியது? 2019க்கு முன்னர் பெரும்பாலான நிறுவனங்கள் 20.6 கிலோமீற்றரைத்தான் அளந்தன. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. இப்போது அதிகாரபூர்வமான நேரம் என்றால் முழு 20.832 கிலோமீற்றர். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ் 2020இல் ஓடிய ஒரே ஓட்டத்துக்கு இரண்டு நேரம் உண்டு: 6:43.616, 6:48.047. அந்த 232 மீற்றருக்காக 4.4 செக்கன்! 2017இல் 700 குதிரைத்திறன் உள்ள 911 ஜிடி2 ஆர்எஸ் ஓடிய 6:47.3, ஜிடி3 ஆர்எஸ்ஸின் 6:49ஐ விட நல்லதாகத் தெரியும். ஆனால் அது குறுகிய அளவு. அதே அளவில் ஜிடி3 ஆர்எஸ் 6:44.848. அதாவது சக்தி குறைந்த கார் இரண்டரை செக்கன் முந்திவிட்டது.

இரண்டாவது: வளைவில் காரை எது பிடித்து வைக்கிறது? ஜிடி3 ஆர்எஸ்ஸின் இறக்கைகள் 285 கிலோமீற்றர் வேகத்தில் 860 கிலோ அளவுக்குக் காரை றோட்டோடு அழுத்துகின்றன. அதனால் வளைவில் பிரேக்கை மற்றவர்களை விடப் பிந்தி மிதிக்கலாம். எடையும் பெரிய விஷயம். ஷியோமி எஸ்யூ7 அல்ட்ரா என்ற மின்காரில் 1,500க்கு மேல் குதிரைத்திறன். ஆனால் எடை 2,300 கிலோவைத் தாண்டும். அது 2025இல் ஓடியது 7:04.957. ஜிடி3 ஆர்எஸ்ஸின் எடை 1,450 கிலோ.

மூன்றாவது: யார் ஓட்டியது? ஜிடி3 ஆர்எஸ்ஸை ஓட்டியவர் யோர்க் பேர்க்மைஸ்டர், பல வருடம் ரேஸ் ஓடியவர். கொர்வெட்டை ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் ஒரு பொறியியலாளர். இருவரும் கார் மாறி ஓடினால் நேரம் என்னவாகும் என்று எண்ணில் எழுதியிருக்காது.

நான்காவது: அன்றைக்கு றோட்டு எப்படி? ஏஎம்ஜி வன் 2022இல் ஓடியது 6:35.183. தடத்தில் சில இடங்கள் முழுதாகக் காயவில்லை. 2024இல் அதே மாதிரிக் கார், அதே ஓட்டுநர் மாரோ எங்கல், நேரம் 6:29.090. கொஞ்ச ஈரம் மட்டும் இல்லை, மற்றதும் மாறியிருக்கலாம். இருந்தாலும் ஒரே காருக்கு ஆறு செக்கன் வித்தியாசம் வரும்போது, 0.053 செக்கனுக்காக யாரும் யாரையும் 'அடிச்சது' என்று சொல்ல ஏலுமோ?

இதையெல்லாம் ஏன் பெற்றோருக்கு எழுதுகிறேன்? இங்கே 17 வயதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளை கார் ஓட்டலாம். 18 ஆனால் தனியே. எங்கட கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு வரும் 600 குதிரைத்திறன் காரின் திறப்பு யாரோ ஒரு அண்ணாவின் பொக்கெட்டில் இருக்கும். 'இந்தக் கார் 7 நிமிடத்தில் ஓடும்' என்று நம்புகிற பிள்ளைக்கு, அந்த 7 நிமிடத்துக்குள் சூடான டயர், எதிரே வாகனம் வராத தடம், பல வருடப் பழக்கம் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று தெரியாது. றோட்டில் அதில் ஒன்றும் கிடையாது.

சட்டமும் விளையாட்டில்லை. 2017 ஒக்டோபரிலிருந்து ஜேர்மனியில் தெருப் பந்தயம் குற்றம், 2 வருடம் வரை சிறை. போட்டிக்கு ஒருவரும் இல்லாமல், உச்ச வேகத்தைத் தொடக் கண்மூடித்தனமாக ஓடினாலும் அதே சட்டம்தான். யாரும் இறந்தால் 10 வருடம் வரை போகலாம். காரையும் பறிமுதல் செய்யலாம்.

"அப்ப நூர்பர்க்ரிங்கிலேயே ஓடலாம்தானே?" என்று பிள்ளை கேட்கும். உண்மைதான், குறிப்பிட்ட நாட்களில் காசு கட்டிச் சொந்தக் காரில் ஓடலாம். ஆனால் அந்த நாட்களில் அது ஒருவழிக் கட்டணச் சாலை. நேரம் எடுப்பது தடை. தடுப்புவேலி சேதமானால் செலவு ஓட்டியவருக்கு. இந்தத் தடத்தில் நடக்கும் விபத்தைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்.

ஆசையை மறிக்கச் சொல்லவில்லை. முதலில் கார்ட் ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மிஹாயேல் ஷூமாகர் தொடங்கியதும் கேர்ப்பன் கார்ட் தடத்தில்தான். ஒரே மாதிரி வண்டி, ஒரே தடம், குடும்பமாக ஓடிப் பாருங்கள். முடிவில் தரும் கடதாசியில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று இருக்கும். வண்டி ஒன்றுதான், நேரம் ஏன் வேறு? அந்தக் கேள்விக்குப் பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.